ஒரு படி மேலே வைங்க

1

இந்தக் கதை பிறந்தது ஒரு வண்டி ஸ்டாண்டில். சேலம் பழைய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், தகரக் கூரை காய்ந்துகொண்டிருந்த ஒரு பகலில், யாரோ ஒருவர் தன் மோட்டார் சைக்கிளை வெளியே எடுக்கும்போது பக்கத்து வண்டியை இடித்துவிட்டார். இடிபட்ட வண்டியில் திருட்டு அலாரம் இருந்தது. அது அலறியது. அந்த அதிர்வில் அடுத்த வண்டி அலறியது. பிறகு அதற்கடுத்தது. கொஞ்ச நேரத்தில் ஒரு வரிசை முழுக்க ஒன்றையொன்று திருடன் என்று கத்திக்கொண்டிருந்தது. ஸ்டாண்டுக்காரர் ஓடிவந்து ஒவ்வொரு வண்டியின் சீட்டிலும் ஓங்கி அறைந்தார். அறைந்ததில், அதுவரை சும்மா இருந்த எதிர்வரிசையும் சேர்ந்துகொண்டது.

அங்கே இல்லாத ஒரே ஆள் திருடன்தான்.

அன்று காலையில்தான் ஒரு கட்டுரையைப் படித்திருந்தேன். தானே பார்த்து, தானே முடிவெடுத்து, தானே சுடுகிற ஆயுதங்களைப் பற்றி. எதிரெதிரே நிற்கும் இரண்டு நாடுகளிடமும் அவை இருந்தால், யாரும் விரும்பாத ஒரு போர் படிப்படியாக முற்றிவிடும் அபாயம் இருக்கிறது என்று அதில் எழுதியிருந்தது. படித்தபோது கொட்டாவி வந்தது. ஸ்டாண்டில் நின்றபோது புரிந்தது. வீட்டுக்குப் போய் எழுத உட்கார்ந்தேன். இரவு வேலையை விட்டவனுக்குப் பகல் நிறைய இருக்கிறது.

2

முதல் தொடக்கம்: "எல்லைக்கோட்டின் இருபுறமும் பனி பெய்துகொண்டிருந்தது. ஜெனரல் தன் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு—"

நிறுத்தினேன். பனி பெய்து நான் பார்த்ததில்லை. ஜெனரல் எப்படிப் பேசுவார், வீட்டில் யாருக்குப் பயப்படுவார், ஒன்றும் தெரியாது.

இரண்டாவது தொடக்கம்: "நூறு ஆண்டுகள் கழித்து, மனிதர்கள் உறங்கிக்கொண்டிருக்க, இயந்திரங்கள் மட்டும்—"

இதுவும் வேண்டாம். நூறு ஆண்டு தள்ளிவைத்தால் நீங்கள் நிம்மதியாகப் புத்தகத்தை மூடிவிடுவீர்கள்.

மூன்றாவது தொடக்கம்: "மதன் ஒரு பொறியாளன். மனிதகுலத்தின் எதிர்காலத்தை நினைத்தால் அவனுக்கு—"

இந்த மதன் இரண்டு பக்கம்வரை வந்தான். மூன்றாவது பக்கத்தில் ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டான். அதோடு அவனை வேலையிலிருந்து அனுப்பிவிட்டேன். ஒரு கம்பத்தைக்கூட நேராக நடத் தெரியாதவன் பெருமூச்சு விடக்கூடாது.

அவன் இடத்துக்கு ஜெனிட்டா வந்தாள். அவளுக்குக் கம்பம் நடத் தெரியும்.

3

ஜெனிட்டா சேந்தமங்கலத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது ஒரு தோளில் மடிக்கணினிப் பையும், கையில் ஸ்பேனர்கள் போட்ட மஞ்சள் பையும் இருந்தன. எதிரே கொல்லிமலை, பக்கத்தில் இருப்பதுபோலவே தெரியும் தூரத்தில். சேலத்துப் பெண். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குத் தாமதமாகப் போய்க் கடைசி பெஞ்சில் உட்காருகிறவள். படித்தது மின்னணுவியல். செவ்வாய்ப்பேட்டையில், மளிகை மொத்தக் கடைகளுக்கு நடுவே ஜெயபிரகாஷ் என்பவர் வைத்திருக்கும் விவசாயக் கருவிகள் கடையில் வேலை.

ஜெயபிரகாஷ் விற்கும் சரக்கில் புதியது 'காவல்ராஜா'. அதை எங்கே நடுவது, அது எதைப் பார்த்தால் என்ன செய்யவேண்டும் என்பதை எல்லாம் எழுதி ஏற்றுவது ஜெனிட்டாவின் வேலை. ஆள் உயரத்துக்கு மேல் ஒரு இரும்புக் கம்பம். உச்சியில் கேமரா, மைக், ஒலிபெருக்கி. தோட்டத்துக்குள் எது அசைந்தாலும் அதுவே பார்க்கும், அதுவே முடிவெடுக்கும். நான்கு படிகள். முதலில் பளீரென்று விளக்கு. அதற்குப் போகாவிட்டால் நாய் குரைக்கிற சத்தம். அதற்கும் போகாவிட்டால் சைரன். கடைசியில் எரிவாயுக் குழாய் வெடி. அதில் தோட்டா கிடையாது, வெறும் சத்தம்தான். ஆனால் பல் ஆடும்.

[இது ஆயுதமா என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. இதில் யாரும் சாகமாட்டார்கள். அதனால்தான் தேர்ந்தெடுத்தேன். ஆட்கள் சாகத் தொடங்கினால் உங்கள் கவனம் பிணத்தின் மேல் போய்விடும். எனக்கு நீங்கள் படிகளைப் பார்க்கவேண்டும்.]

4

அடுத்தடுத்து இரண்டு நிலங்கள். ஒரு காலத்தில் ஒன்றாக இருந்தவை. ரங்கன் இறந்த பிறகு, அவர் மனைவி ராமாத்தாளுக்கும் தம்பி சின்னுசாமிக்கும் பாகம் பிரித்தார்கள். ராமாத்தாள் தரையில் வளர்க்கிற நாட்டுக்கோழிப் பண்ணை போட்டார். சின்னுசாமி குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, வைத்தார். வண்டிப்பாதை யார் பக்கம் போவது என்று ஆரம்பித்த தகராறில் இருவருக்கும் பேச்சு நின்றது.

கிணறு மட்டும் பொது. அதைப் பிரிக்க முடியவில்லை. முறைவைத்துத் தண்ணீர் பாய்ச்சவேண்டும், ஆனால் பேசக்கூடாது. அதற்கு அவர்களே ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். தன் முறை முடிந்தவர் மோட்டார் அறைக் கதவில் ஒரு காலிச் சாக்கை மாட்டிவிட்டுப் போவார். மற்றவர் அதை எடுத்து உள்ளே வைத்துவிட்டு மோட்டாரைப் போடுவார். சாக்கு இல்லாத நேரத்தில் சுவிட்சைத் தொடுவதில்லை. ஒருவர்மேல் ஒருவர் போலீசில் புகார் கொடுத்த நாளில்கூடச் சாக்கு அதனிடத்தில் தொங்கியது.

(இந்தச் சாக்கை மறந்துவிடாதீர்கள். கதைகளில் இப்படிச் சொல்லக்கூடாது என்பார்கள். சொல்லிவிட்டேன்.)

முதலில் காவல்ராஜா வாங்கியது ராமாத்தாள். மலையடிவார நாய்கள் கூட்டமாக வந்து கோழியைத் தூக்குகின்றன. ஜெனிட்டா கம்பத்தை நட்டுச் சோதித்துக் காட்டினாள். விளக்கு எரிந்தது, நாய் குரைத்தது, எல்லாம் சரி. அடுத்த வாரமே சின்னுசாமியும் ஒன்று வாங்கினார். காட்டுப்பன்றி கிழங்கைத் தோண்டுகிறது என்றார். பன்றி முன்பும் தோண்டிக்கொண்டுதான் இருந்தது. ராமாத்தாள் வாங்கிய பிறகுதான் அவருக்கு அது பொறுக்கவில்லை.

கம்பம் நடும்போது சின்னுசாமி அவளருகே வந்து குரலைத் தாழ்த்தினார்.

"அம்மிணி, நங்கையோட மிஷினு என்ன சத்தம் போடுதோ, அதுக்கு ஒரு படி மேல நம்முளுது போடோணும். அப்படி வைங்க."

அண்ணன் மனைவியை இந்தப் பக்கம் நங்கை என்பார்கள். பேச்சு நின்ற பிறகும் அவர் அந்த மரியாதையை விடவில்லை.

ஜெனிட்டா யோசித்தாள். எளிய வேலைதான். பக்கத்துக் கம்பத்தின் சத்தமோ வெளிச்சமோ வந்தால் அதற்கு ஒரு படி மேலே போ என்று எழுதவேண்டும். எழுதிவிட்டாள். சோதித்தாள். சரியாக வேலை செய்தது.

ராமாத்தாளுக்கு இது எப்படித் தெரிந்தது என்று நான் மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். மூன்றும் தேவையில்லை. வேலிக்கு இந்தப் பக்கம் நடப்பது அந்தப் பக்கம் தெரியும், அவ்வளவுதான். மறுநாள் போன் வந்தது.

"ஏனம்மிணி, அவியளுக்கு மட்டும் ஒரு படி மேல வெச்சுக் குடுத்தீங்களாமா? நான் உங்ககிட்ட முன்னாடியே வாங்கினவ. என்றதையும் அதுக்கு ஒரு படி மேல வைங்க சாமி."

வாடிக்கையாளர் கேட்டார். ஜெனிட்டா சேலத்தில் கடையில் உட்கார்ந்தபடியே, இணையம் வழியாக, அதையும் மாற்றிக் கொடுத்தாள். அதையும் தனியாகச் சோதித்தாள். அதுவும் சரியாக வேலை செய்தது.

5

ஒரு மயில் வந்து வேலிக்கல்லில் உட்கார்ந்தது. காலை வெயில் நன்றாக ஏறியிருந்தது. சின்னுசாமி குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டிருந்தார். ராமாத்தாள் கொட்டகையில் தீவனத் தட்டுகளைத் தட்டிக்கொண்டிருந்தார்.

ராமாத்தாளின் கம்பம் மயிலைப் பார்த்து விளக்கடித்தது. மயில் பறந்துவிட்டது. கவனியுங்கள், மயில் பறந்துவிட்டது. இனி நடக்கப்போகிற எதற்கும் மயிலுக்கும் சம்பந்தமில்லை.

சின்னுசாமியின் கம்பம் அந்த விளக்கைப் பார்த்தது. ஒரு படி மேலே போய்க் குரைத்தது. ராமாத்தாளின் கம்பம் குரைப்பைக் கேட்டது, சைரன் போட்டது. சின்னுசாமியின் கம்பம் வெடித்தது. ராமாத்தாளின் கம்பத்துக்கு இப்போது வெடிக்கு ஒரு படி மேலே போகவேண்டும். மேலே படி இல்லை. அப்படி ஒரு நிலை வந்தால் என்ன செய்வது என்று ஜெனிட்டா எழுதியிருந்தாள்: மேலே படி இல்லையென்றால், இருப்பதை இடைவெளி விடாமல் செய்.

இரண்டு கம்பங்களும் எரிவாயு தீரும்வரை வெடித்தன.

சின்னுசாமி சட்டைகூடப் போடாமல் ஓடிவந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அவர் நாய் மலைப்பக்கம் ஓடிப்போய் மூன்றாம் நாள்தான் திரும்பியது. கொட்டகையில், மிரண்ட கோழிகள் ஒரே மூலைக்கு ஓடி ஒன்றன்மேல் ஒன்று ஏறி, அடியில் இருந்தவை மூச்சுத் திணறிச் செத்திருந்தன. ஆடி நோம்பிப் பண்டிகைக்கு விற்க வளர்த்த கோழிகள். ராமாத்தாள் மூலையிலிருந்து ஒவ்வொன்றாகத் தூக்கி வெளியே போட்டார். பெரும்பாலானவை பிழைத்துக்கொண்டன. ஆனால் ஒருதடவை மிரண்ட கோழி அடுத்ததடவை சீக்கிரம் மிரளும். இன்னொருமுறை இப்படி நடந்தால் கொட்டகை காலி.

6

[இங்கே கொஞ்சம் கட்டுரை. பிடிக்காதவர்கள் ஏழுக்குப் போகலாம். ஆனால் கோழிகள் அங்கேயும் ஆபத்தில்தான் இருக்கின்றன.]

ஜெனிட்டா இரண்டு கருவிகளையும் சோதித்தாள். தனித்தனியாக. இரண்டும் தேறின. இரண்டையும் எதிரெதிரே வைத்து யாரும் சோதிக்கவில்லை. நாடுகளுக்கும் இதுதான் பிரச்சினை என்று அந்தக் கட்டுரை சொன்னது. எதிரியின் இயந்திரத்தைக் கொஞ்சம் இரவல் கொடுங்கள், சோதித்துப் பார்க்கிறோம் என்று யார் கேட்பார்கள்?

அடுத்தது வேகம். மனிதன் தலை துவட்டுகிற நேரத்தில் இயந்திரம் நான்கு படியும் ஏறிவிடும்.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. ராமாத்தாளும் சின்னுசாமியும் அதற்கு முன்பு வேலியோரம் நின்று கத்தியிருக்கிறார்கள். பல தடவை. அவர்கள் கத்தியது அடித்துக்கொள்ளாமல் இருப்பதற்காக. கத்தித் தீர்த்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுவார்கள். இயந்திரத்துக்கு அது தெரியாது. அதன் கணக்கில் கத்தல் என்பது அடிக்கு முந்தைய படி. மிரட்டலுக்கும் தாக்குதலுக்கும் நடுவில் மனிதர்கள் வைத்திருக்கிற அந்தப் பெரிய, அழுக்கான, புழங்குவதற்கு வசதியான இடம் அதற்குக் கிடையாது.

கடைசியாக, மன்னிப்பு. என் இயந்திரம் செய்தால் கோளாறு. அவன் இயந்திரம் செய்தால் திட்டம். இரண்டு பக்கமும் இப்படித்தான் சொல்லும். செய்தவர் யாருமில்லாததால் மன்னிப்புக் கேட்கவும் ஆளில்லை. ஆகவே மனிதகுலம் இந்தப்—

(அடித்துவிட்டேன். மதன் ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கிறான்.)

7

இரண்டு பேரும் ஜெனிட்டாவைக் கூப்பிட்டார்கள். ஒருவரோடு பேசிக்கொண்டிருக்கும்போதே மற்றவர் அழைப்பு காத்திருந்தது.

"வேணும்னே பண்ணீருக்குது நங்கை. எனக்குத் தெரியுமுங்."

"வேணும்னே பண்ணிப்போட்டாங்க அம்மிணி. கோழியக் கொன்னு என்னை ஊரை விட்டு முடுக்கோணும்னு."

"மயிலுங்கய்யா அது," என்றாள் ஜெனிட்டா, கேமராப் பதிவைப் பார்த்துவிட்டு. "மயிலைப் பாத்துத்தான் ஆரம்பிச்சுது."

"மயிலுக்கு அவுங்க பக்கம் என்ன வேலை?"

முதல் வேலையாக இரண்டு கம்பத்திலும் 'ஒரு படி மேலே' என்ற கட்டளையை ஜெனிட்டா நீக்கினாள். அது மட்டும் போதாது என்று தோன்றியது. அடுத்த படிக்குப் போகும் முன் உரிமையாளரின் போனில் கேட்கும்படி வைத்தாள். 'ஏதோ அசைகிறது. சத்தம் போடவா?' ஆமாம், வேண்டாம் என்று இரண்டு பொத்தான்கள். நடுவில் மனிதரை வைத்தாகிவிட்டது, இனிப் பயமில்லை என்று நினைத்தாள். அவள் மட்டுமல்ல, இப்படிக் கட்டுரை எழுதுகிறவர்களில் பாதிப்பேரும் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

நேரில் போய்ப் பார்த்தால், ராமாத்தாள் வெற்றிலை மடித்துக்கொண்டே, போன் சிணுங்கியதும் திரும்பிக்கூடப் பார்க்காமல் 'ஆமாம்' அமுக்கினார்.

"என்னன்னு பாக்கலையாம்மா?"

"மிஷினுக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போகுது? அதுதான் கேக்குதுல்ல. பாவம்."

வெளியே போய்ப் பார்த்தால், கொடியில் காய்ந்த சேலை ஆடிக்கொண்டிருந்தது. காவல்ராஜா அதைப் பார்த்துக் குரைத்துக்கொண்டிருந்தது.

அதற்குள் ஜெயபிரகாஷ் தன் பங்கைச் செய்துவிட்டார். கெட்டவர் என்று எழுத எவ்வளவோ முயன்றேன், வரவில்லை. அவர் வியாபாரி. இரண்டு வாடிக்கையாளர்கள் கோபமாக இருக்கிறார்கள், அவரிடம் மிளகாய்ப்பொடி தூவுகிற ட்ரோன் இருக்கிறது. அதுவும் யாரையும் கேட்காமல் தானே பறந்து, தானே தூவும்.

"ஜெனி, ரெண்டு பேரும் ஆர்டர் குடுத்துட்டாங்க," என்றார் போனில், சந்தோஷமாக. "அந்தம்மா ஒண்ணு, அவரு ஒண்ணு. திங்கக்கிழமை போயி மாட்டிக் குடுத்துரும்மா."

"சார், அங்க கோழி இருக்கு. ரெண்டு ட்ரோன் வானத்துல சண்டை போட்டு மிளகாய்ப்பொடி கொட்டுச்சுன்னா ஒரு கோழி மிஞ்சாது."

"நீ சண்டை போடாத மாதிரி எழுதிக் குடு."

அதைத்தான் தனக்கு எழுதத் தெரியவில்லை என்று ஜெனிட்டாவுக்கு அப்போது உறைத்தது. தன்னந்தனியாக இருக்கிற இயந்திரத்துக்கு எழுத அவளுக்குத் தெரியும். இன்னொன்றுக்கு எதிரே நிற்கிற இயந்திரத்துக்குச் சேலத்தில் உட்கார்ந்து எழுத முடியாது.

8

திங்கட்கிழமை அவள் ட்ரோன்களை எடுத்துவரவில்லை. பிரேக் இல்லாத வண்டியில் போவதுபோன்ற ஒரு துணிச்சலோடு சும்மா வந்தாள். மோட்டார் அறையின் நிழலில் உட்கார்ந்து, என்ன சொல்வது என்று யோசித்தாள்.

சின்னுசாமி வந்தார். மோட்டாரை நிறுத்தினார். சாக்கை எடுத்துக் கதவில் மாட்டினார். அது கோணலாகத் தொங்கியது, நேராக இழுத்துவிட்டார். அவர் கைகால் கழுவிக்கொண்டிருக்கும்போதே ராமாத்தாள் வந்து சாக்கை எடுத்தார்.

ஜெனிட்டா எழுந்து நின்றாள். "ரெண்டு பேரும் கொஞ்சம் இருங்க."

இருவரும் நின்றார்கள். கிணற்றுக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர்.

ராமாத்தாள்தான் ஆரம்பித்தார். "அவியகிட்டச் சொல்லுங் அம்மிணி. என்ற கோழி மூலைல மிதிபட்டுச் செத்துக் கெடந்தப்ப அவியளுக்குச் சிரிப்பு வந்துச்சாமா."

சின்னுசாமிக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது. ஆனாலும் அவர் ஜெனிட்டாவையே பார்த்தார். "என்ன சொல்றாங்க?"

"கேக்கலையாங்கய்யா?"

"நீ சொன்னாத்தான அம்மிணி எனக்குத் தெரியும்."

சொன்னாள்.

"நான் எங்கீங் சிரிச்சேன்? எனக்கே காது அடைச்சுப்போச்சு. நங்கைகிட்டச் சொல்லு, சட்டைகூடப் போடாம ஓடியாந்தேன்னு."

"அதப் பாத்துத்தான் கோழி மெரண்டுருக்கும்னு சொல்லுங்," என்றார் ராமாத்தாள்.

"இதையுமாம்மா சொல்லணும்?"

"வேண்டாம், கேட்டுருச்சு," என்றார் சின்னுசாமி. சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே தெரிந்தது. கிணற்றுக்குள் பார்த்தார்.

ஜெனிட்டா அந்த இடைவெளியில் நுழைந்தாள். கொட்டகையை ஒட்டியுள்ள வேலிப்பக்கம் யாரும் குழாய் வெடி வைக்கக்கூடாது, இரண்டு குழாயையும் மலைப்பக்கம் திருப்பிவிடவேண்டும் என்றாள். எதை மாற்றினாலும் இருவரும் இருக்கும்போது, இரண்டு கம்பமும் ஓடும்போது, ஒன்றாகச் சோதிக்கவேண்டும் என்றாள். அதுவரை தலையாட்டினார்கள். அடுத்ததுதான் பெரியது.

"விளக்கு மட்டும் மிஷினே போடட்டும். சத்தம் போடணும்னா உங்க மிஷின் உங்களைக் கேக்காது. பக்கத்துத் தோட்டத்தைக் கேக்கும். அம்மாவோட மிஷின் ஐயாவுக்கு போன் பண்ணும். ஐயாவோடது அம்மாவுக்கு. போனை எடுத்தவங்க வேலிகிட்ட வந்து கண்ணால பாத்துட்டு, சரின்னா சரி. எடுக்கலைன்னா சத்தம் கிடையாது. சும்மா இருக்கும்."

"என்ற கோழியக் காப்பாத்த அவிய உத்தரவு வேணுமா?"

"நீங்க தண்ணி பாய்ச்ச அவர் சாக்கு மாட்ட வேண்டியிருக்கில்லம்மா?"

ராமாத்தாள் கையிலிருந்த சாக்கைப் பார்த்தார்.

"சாக்கு வேறங், போனு வேறங்," என்றார் சின்னுசாமி.

"எப்படிங்கய்யா?"

"சாக்கு பேசாதுங்."

"இந்த போனும் பேசாது. மணி மட்டும்தான் அடிக்கும். பாத்துட்டு ஒரு பட்டனை அமுக்குனாப் போதும்."

இருவரும் யோசித்தார்கள். பேசாமல் இருந்தபடியே ஒத்துப்போவது என்பது அவர்களுக்குப் பழகிய வேலை.

ட்ரோனை யார் முதலில் வேண்டாம் என்பது என்பதில் மட்டும் வெகுநேரம் போயிற்று. முதலில் சொன்னவர் தோற்றவர். கடைசியில், ஜெனிட்டா மூன்று சொன்னதும் இருவரும் ஒரே நேரத்தில் ஜெயபிரகாஷுக்குப் போன் போடுவது என்று முடிவானது. போட்டார்கள். இரண்டு பேருக்கும் 'நீங்கள் அழைக்கும் நபர் வேறொரு அழைப்பில் உள்ளார்' என்று வந்தது. பெரும்பாலும் அடுத்த ஊருக்கு ட்ரோன் விற்றுக்கொண்டிருந்திருப்பார். இரண்டாவது முறை மூன்று சொன்னபோது ராமாத்தாள் சிரித்துவிட்டார். இரண்டு ஆர்டரும் ரத்தாயின.

ஜெயபிரகாஷ் பிறகு ஜெனிட்டாவைக் கூப்பிட்டுக் கேட்டது நியாயமான கேள்வி: "எதிராளி கையில சாவி குடுத்தா அது என்னம்மா மிஷினு?"

[நாடுகள் எதிராளி கையில் சாவி தரமாட்டா. தெரியும். நான் அவ்வளவு அப்பாவி இல்லை. ஆனால் 'அவனுக்கு ஒரு படி மேலே' என்று எழுதாமல் இருக்கலாம். வேலியோரம் வைக்காமல் தள்ளி வைக்கலாம். பேச்சு நின்ற பிறகும் அடிக்கிற ஒரு போனை வைத்துக்கொள்ளலாம். பொத்தானை அமுக்குகிறவர் எழுந்துபோய்ப் பார்க்கிறாரா என்று பார்க்கலாம். பதில் வராவிட்டால் சும்மா இருக்கும்படி இயந்திரத்துக்குச் சொல்லித்தரலாம். இதற்கெல்லாம் நண்பர்களாக வேண்டியதில்லை.]

9

இப்போது முடிவு. மூன்று எழுதினேன்.

முதல் முடிவில் போன் அடிக்கிறது, சின்னுசாமி எடுக்கிறார், "நங்கை" என்கிறார், இருவரும் ஆடி நோம்பியில் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். படித்துப் பார்த்தேன். சாப்பாடு மட்டும் நன்றாக இருந்தது. வண்டிப்பாதை யாருக்கு என்பது இன்னும் தீரவில்லை, அதற்குள் என்ன விருந்து?

இரண்டாவது முடிவில் சின்னுசாமி வேண்டுமென்றே எடுக்கவில்லை. நாய்கள் புகுந்து கொட்டகை காலியாகிறது. இது நடக்கக்கூடியதுதான். ஆனால் கோணலாகத் தொங்கிய சாக்கை நேராக இழுத்துவிட்ட ஆள் அவர். அந்தக் கை அதைச் செய்யும் என்று என்னால் எழுத முடியவில்லை.

மூன்றாவதில் ஜெனிட்டாவை ஏதோ வெளிநாட்டு மாநாட்டில் பேசக் கூப்பிடுகிறார்கள். ஜெயபிரகாஷ் கோட்டு தைத்துக்கொள்கிறார். கோட்டு அவருக்குப் பொருந்தவில்லை. கதைக்கும்தான்.

ஆகவே இருக்கிற இடத்திலேயே நிறுத்துகிறேன். நல்ல வெயில். ராமாத்தாள் தீவனம் வாங்க நாமக்கல் போயிருக்கிறார், பஸ்ஸில் இருக்கிறார். கொட்டகையில் கோழிகள் மண்ணைக் கிளறிக்கொண்டிருக்கின்றன. வேலியோரத்து ஆமணக்குச் செடிக்குப் பின்னால் ஏதோ அசைகிறது. ராமாத்தாளின் கம்பம் விளக்கடிக்கிறது. அசைவு நிற்கவில்லை. கம்பம் அடுத்த படிக்குப் போகாமல், சொல்லிக்கொடுத்தபடி, பக்கத்துத் தோட்டத்துக்குப் போன் போடுகிறது.

சின்னுசாமி கிழங்கு பிடுங்கிக்கொண்டிருக்கிறார். போன் வரப்பில் கழற்றிவைத்த சட்டைப் பையில் அடிக்கிறது. திரையில் வரும் பெயர் 'கிணத்துப் பங்கு'. நங்கை என்று பதிய அவருக்கு மனம் வரவில்லை, எண்ணை வெறுமனே விடவும் மனம் வரவில்லை. எடுக்காவிட்டால் சத்தம் வராது, நாய்களாக இருந்தால் கோழி போகும். பார்க்காமல் சரி என்று அமுக்கினால் சத்தம் வரும், மிரண்டே கோழி போகும்.

செடிக்குப் பின்னால் இருப்பது என்ன? எழுதுகிறவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பீர்கள். நாய்களாக இருக்கலாம். அதே மயிலாக இருக்கலாம். ட்ரோன் பெட்டியோடு வந்திருக்கும் ஜெயபிரகாஷாகவும் இருக்கலாம், அவர் லேசில் விடுகிற ஆள் இல்லை. இயந்திரத்துக்குத் தெரிந்த அளவுதான் எனக்கும் தெரியும்: ஏதோ அசைகிறது.

மணி அடிக்கிறது. சின்னுசாமியின் கையெல்லாம் செம்மண், துடைக்கத் துணி தேடுகிறார். உங்கள் கை சுத்தமாகத்தானே இருக்கிறது. நீங்கள் எடுங்கள்.

அமுக்குவதற்கு முன்னால் வேலிவரை ஒரு நடை போய்ப் பாருங்கள். தூரமில்லை.